பிப்ரவரியில் வாங்கிய முப்பத்தொன்று

அத்தியாயம் பதினான்கு

என் மாப்பிள்ளை வெஸ், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பால் பாட்டிலை அடுப்பில் ஏற்றக் கொண்டுபோனதையும், அதை அவன் மகள் டெல்லா வாசலில் நின்று பார்த்துவிட்டதையும் சொல்லிப் போன அத்தியாயத்தை நிறுத்தியிருந்தேன்.

பார்த்தவள் கத்தவில்லை. பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கினாள். கெட்டிலை வெளியே எடுத்தாள். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையைத் தேடப் போய்விட்டாள். பதினான்கு வயசுப் பெண் பேசாமல் போகிறாள் என்றால் வீட்டில் என்னவோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

அது புதன்கிழமை. இன்று வியாழன். காலை பதினொரு மணிக்கு வெஸ்ஸின் தலைக்குப் பரீட்சை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வெஸ் ட்ரெகென்சாவுக்கு வயது முப்பத்து மூன்று, உயரம் ஆறடி ஐந்தங்குலம். பந்தைக் கையாலும் குத்தலாம் என்கிற எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில், அடிலெய்டின் பெலிக்கன் கிளப்புக்கு ஃபுல்பேக். அதாவது, கோல் வாசலில் நின்று, எதிரணியிலேயே பெரிய ஆள் எவனோ அவனைக் கோல் போடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. கூட்டம் அவனுக்கு வைத்த பெயர் கதவு. 2019ல் அவன் குத்திவிட்ட பந்து ஒன்று ஏழாவது வரிசையில் ஓர் அம்மாள் தின்றுகொண்டிருந்த கறி வைத்த பாஸ்டிக்குள் போய் இறங்கியது. அந்த அம்மாள் பந்தைச் சுற்றியிருந்ததை மட்டும் தின்றுவிட்டுப் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள். நான் பக்கத்து இருக்கை.

அவனை முதலில் கண்டுபிடித்தது என் மகள் நெரீடா அல்ல, நான். நாற்பது வருஷம் எங்கள் ஊர் மூண்டாவில் கோல் அம்பயராக வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றவன் இந்த க்ளெம் ராடா. அங்கே நிற்பவனுக்கு ஃபுல்பேக்கின் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். பதினேழு வயசில் இவன் முதுகை ஒரு பருவம் முழுக்கப் பார்த்தேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத முதுகு. "இதுதான் மாப்பிள்ளை" என்று வீட்டில் சொன்னேன். "முகம் எப்டிப்பா இருக்கும்?" என்று நெரீடா கேட்டாள். "இருக்கும்" என்றேன்.

பதினெட்டு வயசில் மெல்போர்ன் கிளப் ஒன்று புது ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் அவனை அறுபத்தொன்றாவது ஆளாகப் பொறுக்கியெடுத்தது. இரண்டு முட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஆறு வருஷத்தில் பதினோரு ஆட்டம், ஒரு நன்றிக் கடிதம். மூண்டாவுக்குத் திரும்பி வந்து பார்லி வயல்களுக்கு வேலி அடித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயசில், கையில் கம்பிவெட்டியோடு நின்றவனைப் பெலிக்கன் கூப்பிட்டது. ஏழு வருஷம். தொண்ணூற்றொன்பது ஆட்டம். அவன் போட்ட கோல்: பூஜ்யம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோல் போட்டவன் பெயர் பலகையில் ஏறும். போடவிடாதவன் செய்தது எங்கேயும் ஏறாது. நடக்காத காரியத்தை யார் எழுதிவைப்பார்கள்?

தொண்ணூற்றொன்பதை நூறாக்க ஏன் இந்தப் பாடு என்றால், எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் ஒரே கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால், அவன் மகனையோ மகளையோ எடுத்துக்கொள்வதில் அந்தக் கிளப்புக்கே முதல் உரிமை. தொண்ணூற்றொன்பது என்றால் கிடையாது. டெல்லாவின் போர்வை பெலிக்கன், தலையணை பெலிக்கன், பல் துலக்கும் பிரஷ் பெலிக்கன். பதினைந்து வயசுக்குக் கீழான பெண்கள் அணியில் அவளும் தகப்பனைப் போலத் தடுப்பில்தான் ஆடுகிறாள்.

இந்தச் சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். அதோடு வெஸ்ஸின் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வருஷம் இல்லை என்று கிளப் ஜூலையிலேயே கைகுலுக்கிச் சொல்லிவிட்டது. நூறு வந்தால் இந்தச் சனிக்கிழமை வரவேண்டும். இல்லையென்றால் இல்லைதான்.

இரண்டு வாரத்துக்கு முன், நாலு குவார்ட்டராக ஆடும் ஆட்டத்தின் மூன்றாவதில், பந்தையே பார்த்தபடி பின்னோக்கி ஓடிய வெஸ்ஸின் தலையில் எதிரே வந்தவனின் முட்டி இறங்கியது. விழுந்தான். எழுந்தபோது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல், எதிர் அணியின் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

இனி இன்றைய காலை.

நெரீடா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். கிளம்பும்போது வாயில் டோஸ்ட், ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் போன்.

"மூண்டாவுல இருந்து மூணு பஸ் வருதாம்பா! ஃபிஷ் கடைய மூடிட்டே வர்றாங்களாம். வெஸ், உன் அத்த மறுபடியும் அந்தத் தொப்பிய போட்டுட்டு வரப்போறா, இப்பவே சொல்லிட்டேன்."

"ஆட்டம் இன்னும் உறுதியாகல நெரி" என்றான் வெஸ்.

"ஆகும். உன் மண்டைக்கு என்ன, மூண்டா கல்லு."

குனிந்து அவன் தலையில் முத்தமிட்டாள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு போனாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அது பாசமில்லை, வலி.

பஸ் சத்தம் தெருமுனை தாண்டியதும் டெல்லா வந்து தகப்பன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாசத்த எல்லாம் பின்னாடியிருந்து சொல்லுப்பா."

"எதுக்கு?"

"டாக்டர் கேப்பாங்கல்ல? சொல்லு."

"டிசம்பர். நவம்பர். அக்டோபர். செப்டம்பர்…" நின்றான். ஜாம் பாட்டிலைப் பார்த்தான். "ஜூலை. ஜூன்."

"ஆகஸ்ட் எங்க?"

"லீவுல போயிருச்சு."

"அப்பா, இது ஆகஸ்ட். நாம இப்ப அதுக்குள்ளதான் உக்காந்திருக்கோம்."

நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை என்று பிறகுதான் பார்த்தேன்.

"பயப்படாதடா" என்றான் வெஸ். "பாஸ் பண்ணிருவேன்."

"ஆகஸ்டே தெரியல. எப்டி பாஸ் பண்ணுவ?"

வெஸ் என்னைப் பார்த்தான். நான் டோஸ்டைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் பிப்ரவரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில், எவன் தலையிலும் அடிபடாதபோதே, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்தப் பரீட்சையை வைத்து மார்க்கை எழுதிவைத்துக்கொள்வார்கள். ஐம்பதுக்கு இத்தனை. பிறகு அடிபட்டவன் அந்தப் பிப்ரவரி மார்க்கை மறுபடி எட்டினால்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். நல்ல ஏற்பாடு. இதற்குப் பழைய தடுப்பாட்டக்காரர்கள் கண்டுபிடித்த மாற்று ஏற்பாடு, பிப்ரவரியிலேயே மக்குப்போல நடித்துவிடுவது. தெரிந்த வார்த்தையை மறந்தேன் என்பது, கூட்டலில் தடுமாறுவது. அப்புறம் தலையில் செங்கல் விழுந்தாலும் அந்த மக்கு மார்க்கை எட்டிவிடலாம்.

வெஸ் இந்தப் பிப்ரவரியில் நடித்து வாங்கியது முப்பத்தொன்று. கொல்லையில் ஸாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னான். இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அன்று நான் சிரித்ததை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

"பிப்ரவரில நான் கொஞ்சம்… சுமாராத்தான் பண்ணேன்" என்றான் வெஸ் மகளிடம்.

அவளுக்கு அரை நொடி ஆயிற்று. "வேணும்னேவா?"

"எல்லாரும் செய்றதுதான்டா."

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"எழுபத்தொண்ணுல மூண்டாவுல ஒரு தெக்கத்திக் காத்து அடிச்சுது பாரு" என்று ஆரம்பித்தேன். "ஃபுல்பேக் உதைச்ச பந்து பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்து, அவன் தலைக்கு மேலயே—"

"தாத்தா. கத வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை யாரும் பாதியில் நிறுத்தியதில்லை.

டெல்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் பள்ளிக்கூடம் போனாள். போகும்போது கொல்லைக் கேட்டை அடித்துச் சாத்தினாள். வெஸ் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டான்.

*

கிளப்புக்கு நான்தான் கார் ஓட்டினேன். என் ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கம் கண் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். வெஸ் கம்பளிக் குல்லாயைக் கண்புருவம் வரை இழுத்துவிட்டு, வெயில் தடுப்பையும் இறக்கிவிட்டுக்கொண்டான். வெளியே வெயிலே இல்லை. செமஃபோர் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சாலையோரம் முழுக்கப் புளியாரைப் பூ மஞ்சளாகப் பூத்துக் குளிரில் வாயை மூடிக்கொண்டிருந்தது.

கிளப் கூடத்தில் இன்னொரு கூத்து. ஆட்டக்காரர்கள் கிழித்துக்கொண்டு ஓடுவதற்கென்று வாராவாரம் காகிதப் பதாகை செய்கிற பெண்கள், இருபது பேர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். சுவர் முதல் சுவர்வரை நீலமும் வெள்ளையுமாகக் க்ரேப் காகிதம். நடுவில் ஆள் உயர எழுத்தில்: கதவு 100.

"பாக்காத! பாக்காத! ஆட்டத்துக்கு முன்னாடி பாத்தா ஆகாது!" என்று பெவ் கத்தினாள். பெவ்தான் அவர்களுக்குத் தலைவி. பல்லுக்கு நடுவே ஒட்டும் நாடா, முழங்காலில் தலையணை. "க்ளெம், அவன் கண்ண மூடுங்க!"

மூடினேன். நுனிக்காலில் எம்பித்தான் மூட வேண்டியிருந்தது.

"டெல்லா உன் கூட ஓடுவால்ல வெஸ்? அவளுக்குன்னு அடில ஒரு பக்கம் நாடா ஒட்டாம விட்டிருக்கேன். சின்னப் பொண்ணு, காகிதம் சட்டுனு கிழியணும்."

"ஓடுவா பெவ்" என்றான் என் கைக்குள்ளிருந்து. அவன் நெற்றி என் உள்ளங்கையில் சுட்டது.

டாக்டர் ஸ்டாவ்ரூ சின்ன உருவம், பெரிய கண்ணாடி. சிரித்தால் முழுசாகச் சிரிப்பாள். என்னை மூலை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "பேசக்கூடாது மிஸ்டர் ராடா."

"பேசவே மாட்டேன்."

"அத நீங்க சொல்றதே பேச்சுதான்."

கேள்விகள் ஆரம்பித்தன. தலை வலிக்கிறதா? இல்லை. வெளிச்சம் கூசுகிறதா? இல்லை. தூக்கம்? நல்லா. மூன்றும் பொய். என்னைவிட நன்றாகச் சொன்னான், முகம் மாறாமல்.

பிறகு பத்து வார்த்தைகள். மெதுவாகப் படித்தாள். ஏணி, தேன், ஆணி, குடை, மேகம், சாவி, ரொட்டி, பாலம், முயல், கண்ணாடி. பின்னால் மறுபடி கேட்பேன் என்றாள். எண்களைத் தலைகீழாகச் சொல்லவைத்தாள். மாதங்களையும். இந்தத் தடவை ஆகஸ்ட் வந்துவிட்டது. ஒற்றைக்காலில் நிற்கவைத்தாள்.

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல முதுகைத்தான். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. நாற்காலியின் விளிம்பைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஒருவன் ஓடி வந்து மேலே விழும்போது தாங்குவதற்கு அவன் நிற்கிற நிலை அது. நடிக்கிறவன் ஏன் இப்படி இறுகி உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

"சரி வெஸ். மொதல்ல சொன்ன அந்தப் பத்து வார்த்தை."

"ஏணி" என்றான். "ஆணி. சாவி. ரொட்டி."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தாள்.

"குடை" என்றான். அப்புறம் ஒன்றுமில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த எழுபத்தெட்டு வயதுக் கிழவன் எனக்கு மனசுக்குள் ஒன்பது வந்துவிட்டது. முயல் மட்டும் ஓடிவிட்டது.

"அவ்ளோதான்" என்றான்.

டாக்டர் கூட்டினாள். கம்ப்யூட்டரில் பழைய தாளைத் திறந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரித்தாள்.

"முப்பத்தொண்ணு! பிப்ரவரிலயும் முப்பத்தொண்ணு. ஒரு மார்க்குகூட மாறல. நீ ஒரே மாதிரி மக்குதான் வெஸ், வாழ்த்துகள். சனிக்கிழமைக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

அவன் எழுந்து கைகுலுக்கினான். கூடத்தின் வழியாக வரும்போது நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இருபது பெண்களும் தரையில் கிடந்தபடியே கூச்சல் போட்டார்கள். பெவ் அழுதுவிட்டாள். வாயில் நாடா இருந்ததால் அழுகை விசில் சத்தம்போல வந்தது.

காரில் ஏறினோம். சாவியைத் திருப்பப் போனேன்.

"மாமா, கொஞ்சம் இருங்க."

இருந்தேன்.

"இன்னிக்கு நான் நடிக்கல."

"என்ன மாப்ள?"

"பாஸ் பண்றதுக்கு முப்பத்தொண்ணு போதும்னு தெரியும். ஆனா டெல்லா காலைல அப்டிப் போனாளா… சரி, இன்னிக்கு நேர்மையாவே பண்ணுவோம், நாப்பத்தஞ்சு வாங்கி அவகிட்ட காட்டுவோம்னு நெனச்சேன்." குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "உயிரக் குடுத்துப் பண்ணேன் மாமா. எனக்கு அவ்ளோதான் வந்துச்சு."



*

நாலு மணிக்கு லார்க்ஸ் மைதானத்தில் டெல்லாவின் அணிக்குப் பயிற்சி. எல்லைக்கோட்டு பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். தெற்கிலிருந்து காற்று. கடல்நாரைகள் காற்றை எதிர்த்துப் பறந்து பறந்து, ஒரே இடத்தில் நின்றன.

எங்களை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல இரண்டு பந்தைத் தட்டிவிட்டாள். தண்ணீர் குடிக்க விட்டபோதுதான் வந்தாள். முட்டி முழுக்கச் சேறு.

"என்ன ஆச்சு?"

"பாஸ்" என்றான் வெஸ்.

"எவ்ளோ?"

"முப்பத்தொண்ணு."

"பிப்ரவரில?"

"முப்பத்தொண்ணு."

தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். "அப்ப இன்னிக்கும் நடிச்சியா?"

பொய் சொல்ல நல்ல இடம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமை ஆட்டம், நூறு, காகிதம், எல்லாம் இருக்கிறது. அவன் வாய் திறப்பதை நான் பார்த்தேன்.

"இல்ல" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேற்று முட்டி அவன் கால்சட்டையில் ஒட்டியது. பயிற்சியாளர் விசில் ஊதியும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு நூறு வேணும்பா" என்றாள். "வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப வேணும். உன் கூட அந்தக் காகிதத்தக் கிழிச்சுக்கிட்டு ஓடறத தெனம் நெனச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்."

"தெரியும்டா. அதுக்குத்தான—"

"இரு, நான் பேசறேன். போன ஞாயித்துக்கிழமை என்னக் கூட்டிட்டுப் போக நீ ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஆடின மைதானத்துல போய் நின்னுட்டிருந்த. ஒரு மணி நேரம். நான் அம்மாகிட்ட ட்ராஃபிக்னு சொன்னேன். நேத்து கெட்டில். அதையும் சொல்லல. எல்லாரும் நூறுக்காகப் பொய் சொல்றோம். தாத்தாவச் சேத்துக்காத, அவரு சும்மாவே சொல்லுவாரு."

நான் ஆட்சேபிக்கவில்லை.

"உனக்குக் குடுக்க என்கிட்ட வேற என்னடா இருக்கு?" என்றான் வெஸ். "ரெண்டு முட்டி இருந்துச்சு, அதுவும் போயிருச்சு. கோல்கூட ஒண்ணு போட்டதில்ல. அந்த ஒரு உரிமைதான். கதவ உனக்குத் தெறந்து வெச்சுட்டுப் போலாம்னு பாத்தேன்."

"நான் நல்லா ஆடினா அவங்களே எடுத்துப்பாங்க. ஆடலன்னா உன் நூற வெச்சு என்ன பண்றது? அதோட, உன்ன மாதிரி அறுபத்தொண்ணாவது ஆளால்லாம் நான் போக மாட்டேன்."

"ஏய்."

"என் இருபத்தொண்ணாவது பொறந்தநாளுக்கு நீ எழுந்திருச்சுப் பேசணும்பா. எல்லா அப்பாவும் பேசுவாங்கல்ல, சின்ன வயசுல இவ என்ன பண்ணா தெரியுமான்னு மானத்த வாங்குவாங்கல்ல. அது மாதிரி. எனக்கு அது வேணும். அன்னிக்கு நீ எழுந்திருச்சு நின்னு, என்ன சொல்றதுன்னு தெரியாம ஜாம் பாட்டில பாத்துக்கிட்டு நின்னேன்னா…" முகத்தைத் துடைத்ததில் சேறு கன்னத்துக்கு வந்தது. "எனக்கு ஏழு வருஷம் கழிச்சும் நீ வேணும்."

வெஸ் அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டான். அவன் ஓங்கிக் குத்தினால் பந்து ஏழாவது வரிசைக்குப் போகும் என்று சொன்னேனே, அந்தக் கை. இப்போது அவள் கன்னத்துச் சேற்றைக் கட்டைவிரலால் துடைக்கப் பார்த்து இன்னும் பெரிதாக்கியது.

பிறகு போனை எடுத்தான். எண்ணைத் தேட அவனுக்குக் கண் கூசியது. டெல்லா வாங்கி அழுத்தி, சத்தமாக வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லு வெஸ்" என்றாள் டாக்டர். "இன்னும் ஒரு மணி நேரத்துல அணி லிஸ்ட் போகுது. உன் பேருக்கு நேரா நூறுன்னு அடிச்சுட்டாங்க."

"அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க டாக்டர். பிப்ரவரில நான் நடிச்சேன்."

போனில் காற்றுச் சத்தம் மட்டும். அது எங்கள் பக்கத்துக் காற்றுதான்.

"இன்னிக்கு?"

"இன்னிக்குத்தான் நிஜம்."

"எத்தன பிப்ரவரி வெஸ்?"

"ஆறு. மொத வருஷம் மட்டும் ஒழுங்காப் பண்ணேன். அப்ப இந்த வித்த தெரியாது."

விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியது கேட்டது.

"மொத வருஷம் நாப்பத்தேழு" என்றாள்.

டெல்லா தகப்பனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கார நீயா ஓட்டிட்டுப் போன?"

"மாமா."

டாக்டர் என் கண்களைப் பற்றிக் கேள்விப்பட்டவள்போல ஒரு நொடி யோசித்தாள். "சரி, அவரே ஓட்டட்டும். கோச்சுகிட்ட நான் பேசிக்கறேன், நீ யாருக்கும் போன் எடுக்க வேண்டாம். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வா. ஸ்கேன் எடுக்கணும், சில பேரப் பாக்கணும். உன் மனைவியக் கூட்டிட்டு வா."

"அவளுக்கு எதுவும் தெரியாது."

"அப்ப இன்னிக்கு உனக்கு இன்னொரு வேல இருக்கு." பிறகு வேறு குரலில் சொன்னாள். "நீ போன் பண்ணது நல்லது வெஸ்."

போனை வைத்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது.

பள்ளிக்கூடப் பஸ், கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டுக் காலியாக, மைதானத்துக் கார் நிறுத்தத்துக்குள் ஆடிக்கொண்டு திரும்பியது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மூன்று பெரிய வெள்ளி பலூன்கள்: ஒரு ஒன்று, இரண்டு சைபர். கண்ணாடி வழியாக நெரீடா இரண்டு கையையும் ஆட்டினாள். ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

"பெவ் போன் பண்ணிட்டா!" கதவைத் திறந்த கையோடு கத்தினாள். "பாஸாமே! மூண்டாவுல நாலாவது பஸ் போட்டுட்டாங்க!"

டெல்லா எழுந்தாள். வெஸ் திரும்பாமலே உள்ளங்கையைப் பின்னால் நீட்டினான். உயரப் பந்து வரும்போது, யாரும் வராதீங்க, இது என்னோடது என்று ஃபுல்பேக் மற்றவர்களை நிறுத்துகிற கை. அவள் உட்கார்ந்தாள். நான் எழுந்திருக்கவே இல்லை.

அவன் போனான். புல்லின்மேல் அந்த ஐம்பது தப்படி நடக்க அவனுக்கு ஒரு குவார்ட்டர் ஆனதுபோல இருந்தது.

பஸ் படியில் அவள் நின்றாள். கீழே நின்றும் அவனே உயரம். அவன் தாழ்ந்த குரலில் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முதலில் கண்ணிலிருந்து போனது, பிறகு வாயிலிருந்து. பின்னால் பலூன் சைபர்கள் இரண்டும் காற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஒரு தடவை அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் கோல் கம்பங்களைப் பார்த்தேன். நாற்பது வருஷப் பழக்கம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்துகிற பரம்பரைதான். அவளோ இரண்டு கையையும் உயர்த்தி அவன் தலையைப் பிடித்தாள். கடையில் முட்டை வாங்கும்போது பிடிப்போமே, அப்படி. அவன் குனிந்தான்.

"எந்தப் பக்கம்?" என்றாள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் அது எங்களுக்குக் கேட்டது.

அவன் காட்டினான். அங்கே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பஸ் என்ஜின் ஓட ஓட, அப்படியே நின்றாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துப் பாக்கெட்டில் போனைத் தேடினாள். இன்னொரு கை அவன் தலையிலேயே இருந்தது.

"டிப்போவா? நெரீடா. நாளைக்குக் காலைல என் ரூட்டுக்கு வேற ஆளப் போடு… பதினோரு வருஷமா லீவு போடலன்னு எனக்கும் தெரியும், போடு… காய்ச்சல்லாம் இல்ல. என் புருஷனுக்குத் தலைல."

டிப்போக்காரன் ஏதோ கேட்டான்.

"என்னன்னு தெரியல" என்றாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் போய்க் கேக்கறோம்."